யாரோ மாதிரி போகிறவர்

அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். நல்லவளாகப் போய்விட்டாள். அதுதான் தீராத எரிச்சல்.

இப்போது அந்த அம்மா மைசூரில் இல்லை. வி.வி. மொகல்லாவில் அந்த ராகி மிஷின் மட்டும் அப்படியே இருக்கிறது. மாடி அறையில் யாரோ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் மாடி ஜன்னலைப் பார்க்காமல் வருவதில்லை. பார்த்துவிட்டு, எதற்கடி பார்த்தாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

ஆள் ஒன்றும் அழகி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டையான உருவம், நரைத்துப் போய்க் கழுத்தோடு வெட்டிய முடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் வீட்டுத் தமிழ் பேசும். குடியை விட முடியாதவர்கள், ஃபோனைக் கீழே வைக்க முடியாதவர்கள், பூட்டிய பூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவர்கள், கையைக் கழுவிக் கழுவித் தீராதவர்கள், இப்படிப்பட்டவர்களை உட்கார வைத்துப் பேசுவது அதன் தொழில். கவுன்சிலிங் என்பார்கள். படித்துப் பட்டம் வாங்கிய அம்மாதான். ஆனால் வாசலில் போர்டு கிடையாது. சுவரில் சர்டிபிகேட் கிடையாது. ஒரு போட்டோகூடக் கிடையாது.

மாவு மிஷினுக்கு மேலே இடம் பிடித்ததும் யோசித்துத்தான் செய்திருக்கிறது. மைசூர் பெரிய ஊர் என்று பெயர், ஆனால் யார் எந்தப் படி ஏறுகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஆள் இருக்கும். கையில் ஒரு டப்பா ராகியோடு வந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மேலே போவார்கள். பேசிவிட்டு இறங்கி, மாவை எடுத்துக்கொண்டு போவார்கள். செருப்பெல்லாம் கீழேயே கிடக்கும், மிஷினுக்கு வந்தவர்கள் செருப்போடு செருப்பாக. எத்தனை பேருடைய மானம் அந்த ராகி டப்பாவுக்குள் மூடிக் கிடந்ததோ தெரியாது.

இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. முதலில் எனக்குத் தெரிந்தது மாவுதான்.

நாங்கள் ஹனூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மேட்டகள்ளியில் வாடகை வீடு. ஒரே மகள், அவளும் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டாள். இவர் குடிப்பார். சும்மா சொல்லக்கூடாது, அடிக்க மாட்டார், கத்த மாட்டார். குடித்துவிட்டு வந்து அழுவார். அப்புறம் என் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பார். நான் திட்டுவேன், அப்புறம் சோறு போடுவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் எங்கள் குடித்தனம்.

இதை நிறுத்த நான் செய்யாதது இல்லை. மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போய் வந்தேன். கொள்ளேகாலத்தில் ஒரு ஆள் கொடுத்த பொடியைத் தெரியாமல் சாம்பாரில் கலந்தேன். இவருக்கு வயிற்றால் போனதுதான் மிச்சம், அந்தச் சோர்வு தீர இன்னும் கொஞ்சம் குடித்தார். என்றைக்காவது ஒருநாள் என்னால்தான் இந்த மனுஷன் திருந்துவார், திருந்தி என்னிடம், 'நீதான் புள்ள என்னைக் காப்பாத்துன' என்று சொல்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

தொழிற்சாலை கேட்டில் ஒருநாள் ஊதச் சொன்னார்கள். இவர் ஊதினார். மெஷின் கூவியது. இன்னொரு முறை இப்படி வந்தால் வேலை கிடையாது என்று அதிகாரி எச்சரித்து அனுப்பினார். இதுவரை எனக்குத் தெரியும். அந்த அதிகாரியே ஒரு விலாசமும் கொடுத்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு சனிக்கிழமையானால் இவர் ராகி டப்பாவைத் தூக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து வைத்தறியாத மனுஷன்.

"ஏனுங்க, நம்ம தெருவுலயே மிஷின் இருக்குதே. எங்க போறீங்க அவ்வளவு தூரம்?"

"அங்க நைசா அரைக்கறாங்க புள்ள."

களிக்கு எதற்கு நைஸ்? வீட்டில் மாவு சேர்ந்துகொண்டே போனது. ஒரு பெரிய தூக்கு, பிறகு அரிசி டின், பிறகு மகள் விட்டுப்போன பிளாஸ்டிக் டப்பா. தின்ன ஆள் இல்லாத வீட்டில் இவர் ராகியாக அரைத்துக் குவித்தார். குடிவாடையும் குறைந்துகொண்டு வந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ வேறு: குடியைக்கூட மறக்க வைக்கிற மாதிரி என்ன கிடைத்துவிட்டது இவருக்கு?

மார்கழிக் குளிரில் அவரைக்காய் வந்தது. அந்த மாதம் மைசூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஊறவைத்த அவரைக்கொட்டையை யாராவது பிதுக்கிக்கொண்டிருப்பார்கள். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு தெறித்துத் தட்டில் விழும். பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்க ஆசை எல்லோருக்கும் உண்டு. பிதுக்கப் பொறுமைதான் கிடையாது. ஒரு பெண் இன்னொருவருக்காக உட்கார்ந்து பருப்புப் பிதுக்குகிறாள் என்றால், அது சும்மா வருகிற அன்பு இல்லை.

இவர் ஒரு சனிக்கிழமை ராகி மாவோடு ஒரு கவரையும் கொண்டு வந்து அடுப்புப் பக்கம் வைத்தார். பிரித்தால், பிதுக்கிய பருப்பு. மைசூர்க்காரர்கள் சொகடு என்று சொல்கிற அந்த வாசனை சமையல்கட்டு முழுக்கப் பரவியது.

"யாரு குடுத்தா?"

"கம்பெனில ஒருத்தன் வீட்டுல குடுத்து உட்டாங்க."

"பிதுக்கியேவா?"

"ஆமா. பிதுக்கியேதான்."

இவருடைய வாயருகே போய் மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. காலரை மோந்தேன், அதிலும் ஒன்றுமில்லை. விரல்களைப் பார்த்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கித் திரைந்து கிடந்திருக்கும். நான் வாயைத்தான் மோந்தேன், விரலைப் பார்க்கவில்லை. என் புருஷனுக்குப் பருப்புப் பிதுக்கிக் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பருப்பில்தான் குழம்பும் வைத்தேன். பாழாய்ப்போன குழம்பு அன்றைக்கென்று அவ்வளவு ருசியாக அமைந்தது.

அடுத்த வாரமே ஆளையும் பார்த்துவிட்டேன். ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்குப் போயிருந்தோம். பிரகாரத்தில் எதிரே அந்த அம்மா, கையில் துளசி மாலையோடு வந்தது. அப்போது அது யாரென்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நடந்து வந்த இவருடைய மூச்சு ஒரு நொடி நின்று போனது மட்டும் தெரிந்தது. இவர் தலையைக் குனிந்தார். அந்த அம்மா எங்களைத் தாண்டிப் போனது. கண் இவர் மேல் படவே இல்லை. கோயிலில் எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரு பார்வை பார்ப்பார்கள். இந்த அம்மா தூணைத் தாண்டுவது போல இவரைத் தாண்டிப் போனது. தெரியாதவர்களால் அப்படி நடிக்க முடியாது. நன்றாகத் தெரிந்தவர்களால்தான் முடியும்.

"யாருங்க அது?"

"எது?"

"இப்ப போச்சே, அந்தப் பொம்பள."

"எனக்கென்ன தெரியும்? யாரோ."

ரங்கநாதர் படுத்துக்கொண்டிருந்தார். நான் என்ன வேண்டினேன் என்று கேட்காதீர்கள். அந்த முடி வெட்டிய தலைக்கு நல்லது எதுவும் வேண்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை நானும் பின்னாலேயே பஸ் ஏறிப் போனேன். இவர் டப்பாவை மிஷினில் வைத்துவிட்டு மாடி ஏறினார். மிஷின்காரர் என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் திரும்பிக்கொண்டார். அங்கே அவரும் அந்த அம்மாவிடம் பாடம் படித்தவர்தான். நானும் ஏறினேன். கதவு பாதி திறந்திருந்தது.

இவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. பருப்புப் பிதுக்கிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். எதிரே அந்த அம்மாவும் ஒரு தட்டோடு உட்கார்ந்து, இவர் முகத்தைப் பார்க்காமல் தன் பருப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. குடிக்காமல் இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

என் நிழல் பட்டதும் அந்த அம்மா எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டது.

"யார் வேணும் உங்களுக்கு?"

"உள்ள இருக்கறவரு என்ற வீட்டுக்காரருங்க."

"உள்ள யாரும் இருக்கறதா நான் சொல்லலியே."

"நான் கண்ணால பாத்தனே!"

"நீங்க பாத்தது உங்களோடது. நான் ஒண்ணும் சொல்லலை."

இப்படி ஒரு அழுத்தக்காரியை நான் பிறகும் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை, முகத்தில் கோபம் இல்லை, கதவை விட்டு நகரவும் இல்லை. நான் கத்த ஆரம்பிக்கும் முன்னே இவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையெல்லாம் தோல் ஒட்டியிருந்தது.

"உடுங்க மேடம். என்ற சம்சாரந்தான்."

பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னார். கேட்டில் ஊதியது, அதிகாரி கொடுத்த விலாசம், போகக் கூசிப் பஸ் ஸ்டாப்பிலேயே திரும்பி வந்த நாட்கள். இதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தாராம். அங்கே கன்னடத்தில் பேசினார்கள், இங்கிலீஷில் பேசினார்கள். "நமக்குக் கன்னடா நல்லா வரும் புள்ள. ஆனா இது வாயில வரல. இங்கதான் தமிழ்ல பேசலாம்னு சொன்னாங்க" என்றார். என் வீட்டிலும் தமிழ்தானே பேசுகிறோம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

"என்ன பேசுவீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா பேசிட்டிருப்போம்."

அந்த 'சும்மா'வை நான் மன்னிக்கவே இல்லை.

பருப்பு, அந்த அம்மாவின் வைத்தியத்தில் பாதி. கை சும்மா இருந்தால் வாய் நடிக்கும் என்பது அதன் வாக்கு. அவரைக்காய்க் காலத்தில் அவரை. மாசி பங்குனியில் புளியைக் கொட்டை எடுக்கக் கொடுக்கும். மற்ற நாளில் நிலக்கடலை. உட்கார்ந்தவர் வேலையைச் செய்யலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம். செய்ததை அவரவர் வீட்டுக்கே கொடுத்துவிடும். குடிக்காதே என்று இவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லையாம். எந்நேரத்துக்குக் குடி கூப்பிடுகிறது என்று மட்டும் கேட்குமாம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது சட்டைப் பையில் வறுத்த கடலை இருக்கும். உரித்துக்கொண்டே வீடு வரை நடப்பார். வாசற்படி வரை தோல் சிந்திக்கொண்டு வருவார். நான் பெருக்குவேன்.

இவர் குடியை விட்டார். மாதங்கள் போயின, தொடவில்லை. நாத்தனார் ஃபோன் போட்டு, "எல்லாம் உன்ற பொறுமைதான் கண்ணு" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் என்ன செய்வது? மாடியில் ஒருத்தி பருப்புக் கொடுத்துத் திருத்தினாள் என்று ஊரெல்லாம் டமாரம் அடிக்கவா?

வீட்டில் எதற்கெடுத்தாலும் 'அவுங்க' வந்தார்கள். 'அவுங்க சொன்னாங்க, கோபம் வந்தா மொதல்ல தண்ணி குடிக்கணும்.' 'அவுங்க சொன்னாங்க, பசியோட இருக்கக் கூடாது.' பெயரைச் சொல்ல மாட்டார். எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லாமல் 'அவுங்க' என்று பொண்டாட்டி புருஷனைத்தான் சொல்வாள். நான் இத்தனை வருஷமாக இவரை அப்படித்தான் சொல்லி வருகிறேன். இவருக்கு ஒரு 'அவுங்க' வி.வி. மொகல்லாவில் இருந்தார்கள்.

நாத்தனார் பேரனுக்கு ஹனூரில் காதுகுத்து நடந்தது. மச்சான்மார்கள் கூடிய இடம். இவர் வழுக்கிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததுமே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தானாகச் சொல்லட்டும், இந்த முறை என்னிடம் சொல்லட்டும் என்று வழி நெடுகக் காத்திருந்தேன். கொள்ளேகாலம் போனது, நரசிபுரம் போனது. மைசூர் ஸ்டாண்டில் இறங்கியதும், "தண்ணி வாங்கிட்டு வாரேன்" என்று போனார். தூணுக்குப் பின்னால் நின்று ஃபோன் பேசினார். நான் பையை வைத்துக்கொண்டு தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"தப்புப் பண்ணிட்டனுங்க" என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது.

குடித்துவிட்டு என் காலடியில் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதெல்லாம் குடி பேசியது. தெளிந்த குரலில் தப்புப் பண்ணிட்டேன் என்று இவர் என்னிடம் சொன்னதில்லை. வாந்தியைக் கழுவியவள் நான். சேதி முதலில் அங்கே போகிறது. அந்தத் தூணைப் பெயர்த்தெடுத்து யார் தலையிலாவது போடலாம் போல இருந்தது.

திரும்பி வந்தபோது இவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"அவுங்க என்ன சொன்னாங்க?"

"சாப்டீங்களான்னு கேட்டாங்க."

"வேற?"

"அவ்வளவுதான்."

அதை நான் கேட்க மாட்டேனா? கேட்கத் தெரியாதவளா நான்? ஆனால் வழி நெடுக நான் அதைக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிந்தது.

அதோடு சரி, இவர் அப்புறம் தொடவில்லை. நான்தான் விடவில்லை. வாசற்படியில் இவர் செருப்பைக் கழற்றும் முன்னே கிட்டே போய் மோப்பம் பிடிப்பேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஸ்கூட்டர் சீட்டுக்கடியில், அரிசி மூட்டைக்குள் கைவிட்டுத் தேடுவேன். தேடிவிட்டு வந்து உட்கார்ந்தால் தொட்டிக்குப் பின்னால் சரியாகப் பார்த்தோமா என்று தோன்றும். எழுந்து மறுபடி போவேன். இவர் குடித்த காலத்தில்கூட நான் இவ்வளவு தேடியதில்லை. ஒருநாள் அடுப்பில் சாம்பார் தீய்ந்து கரிந்துகொண்டிருக்க, நான் மொட்டை மாடியில் காலிப் பூந்தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் ராகி டப்பாவை எடுத்துக்கொண்டு வி.வி. மொகல்லாவுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அப்புறம் எதற்கு டப்பா என்று கேட்டால், ஊர் கண்ணுக்குத்தான்.

படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். விரல்களை அகலமாக விரித்துப் பிடித்திருந்தாள். விரலெல்லாம் புளி. கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. கை கழுவக் குழாய் கீழேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கழுவாமல் அப்படியே தெருவில் இறங்கிப் போனாள். மாடிக்குப் போனதும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அந்தப் பொண்ணுக்கு என்னங்க?"

"எந்தப் பொண்ணுக்கு?" என்றது அந்த அம்மா.

அதற்கு மேல் அதைக் கேட்க முடியாது என்று புரிந்தது. நான் வந்த விஷயத்துக்கு வந்தேன்.

"என்ற வீட்டுக்காரரு உங்ககிட்ட என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியோணும்."

"அது அவரோடது. உங்களோடது ஏதாவது இருந்தா சொல்லுங்கோ."

"எனக்கென்ன இருக்குது? குடிச்சது அவரு."

"சரி. வெயில்ல வந்திருக்கேள். உக்காருங்கோ. கொஞ்சம் புளி இருக்கு, கொட்டை எடுக்கறேளா?"

கையில் தட்டைக் கொடுத்துவிட்டது. புளியைக் கையில் வைத்துக்கொண்டு யாரால் சண்டை போட முடியும்? நான் எடுத்தேன். அந்த அம்மாவும் எடுத்தது. முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, தேடுகிற கதை என் வாயில் தானாக வந்தது.

"அவரு விட்டதுக்கப்புறமும் தேடறேளே, எதுக்கு?"

"இருந்தா?"

"இல்லேன்னா?"

"இல்லைன்னா, இன்னும் நல்லா ஒளிச்சு வெச்சிருக்காருன்னு அர்த்தம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. கொட்டையைக் கிண்ணத்தில் போட்டது. பிறகு கேட்டது.

"ஒருநாள் கெடைச்சுடறதுன்னு வெச்சுக்கோங்கோ. அன்னிக்கு உங்களுக்கு நிம்மதியா இருக்குமோ?"

நிம்மதியாகத்தான் இருக்கும். பாட்டில் கிடைத்தால் இவர் மறுபடி அழுதுகொண்டு என் காலடிக்கு வருவார். நான் திட்டுவேன், சோறு போடுவேன். தெளிந்த மனுஷனுக்கு நான் எதற்கு? அவருக்குக் கடலை போதும், அந்த மாடி போதும். இதையெல்லாம் அந்தப் புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேனா, மனசுக்குள் நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. என் கையும் அந்தப் பெண்ணின் கைபோலப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா எனக்கும் அந்த விதியைச் சொன்னது. எல்லோருக்கும் முதல் நாளே சொல்வதாம்.

"வெளியில என்னைப் பாத்தா நான் உங்களைப் பாக்க மாட்டேன். கோவிச்சுக்கக் கூடாது. நீங்களா கூப்பிட்டா நின்னு பேசுவேன். கூப்பிடலேன்னா நான் யாரோ. பக்கத்துல யாரோட வரேளோ, அவாகிட்ட என்னைப் பத்திச் சொல்லணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம்."

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தூணைப் போல இவரைத் தாண்டிப் போனதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கள்ளத்தனம் என்று நான் நினைத்து வெந்துபோனது, அந்த அம்மா இவருக்குக் கொடுத்த மரியாதை. விளங்கியதும் பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இப்படி ஒரு மரியாதையை இவருக்கு நான் கொடுத்ததில்லையே என்று வேறு ஒரு பக்கம் பற்றிக்கொண்டது.

பிறகும் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் நான், சனிக்கிழமைகளில் இவர். எனக்கு முன்னால் வந்தவர் யார், எனக்குப் பின்னால் யார் வருவார் என்று படியில் நின்று பார்ப்பேன். என்னிடம் பேசுகிற அதே குரலில்தான் அவர்களிடமும் பேசுமா என்று யோசிப்பேன். இந்தப் புத்தி என்னோடுதான் எரியும் போல. தொட்டிக்குப் பின்னால் தேடுவது மட்டும் மெல்ல நின்றது. தேடத் தோன்றும்போது அடுப்படியில் உட்கார்ந்து எதையாவது உரிப்பேன்.

இவரிடம் நான் சொல்லவில்லை. அடுத்த மார்கழியில் ஒரு செவ்வாய் சாயங்காலம் இவர் வேலை முடிந்து வந்து, அடுப்புப் பக்கம் கவரைப் பார்த்தார். பிரித்தார். பிதுக்கிய பருப்பு. என் விரல்களைப் பார்த்தார். இவர் சரியான இடத்தைப் பார்த்தார்.

"போனியா?"

"போனேன்."

அன்றைக்கு வேறெதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டில் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளவும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் தேவராஜா மார்க்கெட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அவரைக்காய் குவித்து வைத்திருந்த ஒரு கடைக்காரரிடம் நின்று காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் ஒரு கை நீண்டு வந்து அதே குவியலில் பொறுக்க ஆரம்பித்தது. கஞ்சி போட்ட சேலை. நான் நிமிரவில்லை. இவருடைய கையும் நின்று போனதைப் பார்த்தேன்.

கூப்பிட்டால் பேசும். இரண்டு பேரில் யாராவது ஒருவர் 'மேடம்' என்றால் போதும், நின்று, நல்லா இருக்கேளா என்று கேட்கும். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் கூப்பிட்டால் அது எங்கள் இருவருக்கும் பொதுவான ஆளாகிவிடும். எனக்கென்று அந்த அம்மா கொடுத்திருந்த அந்தத் தெரியாத முகத்தை இவரோடு பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. இவருக்கும் அதேதான் என்று எனக்குத் தெரியும். மூன்று பேரும் தலை குனிந்து ஒரே குவியலில் காய் பொறுக்கினோம். பூச்சி விழாத காய்களாக அந்த அம்மாவின் விரல் என் பக்கம் தள்ளிவிட்டது. என் பக்கம்தான். இவர் பக்கம் இல்லை. நான் பார்த்தேன்.

கடைக்காரர் தராசை எடுத்துக்கொண்டு, "எல்லா ஒந்தே மனேனா?" என்றார். எல்லாம் ஒரே வீடா என்று.

"இல்லப்பா, நானு பேரே" என்றது அந்த அம்மா. நான் வேறு ஆள்.

தன் காயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பூக்கடைப் பக்கம் நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் கடைசியாகப் பார்த்தது. பொங்கல் கழிந்து நான் போனபோது மாடி பூட்டியிருந்தது, அந்த அம்மா தன் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டதாக மிஷின்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. இவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்குமோ என்று பல நாள் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த காயை உரித்து ஊறப் போட்டேன். மறுநாள் ஞாயிறு, தரையில் பாய் விரித்து இரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்தோம். இவர் நன்றாகப் பிதுக்குகிறார், என்னைவிட வேகமாக. பாதியில் இவர் கையை நிறுத்தினார்.

"ஏம்புள்ள."

"ம்."

"அங்க போயி நீ என்னதான் பேசுவ?"

"ஒண்ணுமில்ல. சும்மா பேசிட்டிருப்போம்."

இவர் முகத்தில் அது வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. இத்தனை காலம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். என் விஷயமாக இந்த மனுஷனுக்கு வயிறு எரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல?

"நிறுத்தாதீங்க, பிதுக்குங்க" என்றேன். "கை சும்மா இருக்கக் கூடாது."